நாலு கேள்வியும் ஒரு குரூசரும்: வன்னியில் மோட்டார்சைக்கிள் மாற்றுவதன் வரலாறு

எங்கள் நண்பன் ஒருவன் தன்னுடைய பல்சரை விற்றுவிட்டு ஒரு குரூசர் எடுக்கப்போவதாக வீட்டில் சொன்னான். கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நாலு பேர் நாலு கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான்.

அப்பா கேட்டார்: "உது எவ்வளவு பெற்றோல் குடிக்கும்?"

கராச் அண்ணை கேட்டார்: "பாட்ஸ் இஞ்ச எடுக்கலாமோ தம்பி?"

மாமா கேட்டார்: "பின்னுக்கு ஒரு மூட்டை கட்டேலுமோ?"

அம்மா கேட்டார்: "காசுக்கோ, லீசிங்குக்கோ?"

"நான் வண்டியைக் கதைக்கிறன், இவை மூட்டையைக் கதைக்கினம்" என்று அவன் எங்களிடம் வந்து சலித்துக்கொண்டான். நாங்களும் சிரித்தோம். பிறகுதான் யோசித்தோம். ஒருவர்கூட என்ன நிறம், எவ்வளவு வேகம் என்று கேட்கவில்லை. நாலு பேரும் ஒத்துப் பேசி வைத்தும் கேட்கவில்லை. அப்படியென்றால் இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன? வரலாறு படிக்கிற நாங்கள் இதைத் தேடிப் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது? தேடியபோது ஒன்று விளங்கியது. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு காலம் இருக்கிறது.

முதலாவது கேள்வி: பெற்றோல்

1977இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகுதான் ஜப்பான் மோட்டார்சைக்கிள்கள் இலங்கைக்குள் தாராளமாக வந்தன. அதற்கு முன் இருந்தவை பெரும்பாலும் பி.எஸ்.ஏ., ட்ரையம்ப், நோர்ட்டன் போன்ற பிரித்தானிய வண்டிகள். ஆக, எங்கள் பக்கத்தில் நடந்த முதலாவது பெரிய 'பிராண்ட் மாற்றம்' பிரித்தானியாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. ஹொண்டா சி.டி. 125, சி.டி. 200, எம்.டி. 90, கொஞ்சம் சின்னதாகச் சாளி. இந்தப் பெயர்களை இன்றைக்கும் எங்கள் அப்பாமார் சொந்தக்காரரின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். எம்.டி. 90 ஜப்பானில் தபால்காரர்கள் ஓடிய வண்டி. கடிதம் கொண்டுபோவதற்காகச் செய்த வண்டி வன்னிக் காட்டுப் பாதைகளில் என்னென்னவோ கொண்டுபோனது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பெற்றோல் இருந்தது, பற்றரி இருந்தது, சீமெந்து இருந்தது. மண்ணெண்ணெயும் மட்டாகத்தான் வந்தது. தாண்டிக்குளத்துக்குத் தெற்கே, வவுனியா நகரத்தில், பெற்றோல் செற் வழமைபோல இயங்கிக்கொண்டிருக்க, வடக்கே அதே பெற்றோலைச் சின்னப் போத்தலில் அளந்து விற்றார்கள்.

அந்தக் காலத்து மோட்டார்சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இதை நாங்கள் பகிடிக் கதையாகக் கேட்டு வளர்ந்தோம். ஆனால் இது ஒரு தொழில்நுட்ப வரலாறு. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போலச் சுலபமாக ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. அதனால் முதலில் கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதற்கென்று ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் பெற்றோல் எப்போதும் கூட இருக்கும். வழியில் எஞ்சினை நிற்பாட்டினால் திரும்ப அதே சடங்கு. பிளக்கில் கரி பிடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து ஒயிலைத் தண்ணியாக்கும். புகை கண்ணை எரிக்கும். இவ்வளவுக்கும் நின்று பிடித்தவை அமுக்கம் குறைந்த, எளிமையான பழைய ஹொண்டா எஞ்சின்கள்.

எனவே 'ஹொண்டாதான் நல்லது' என்று அப்பா சொல்லும்போது அது விளம்பரம் பார்த்து வந்த நம்பிக்கை இல்லை. தடைக்காலத்தில் பரீட்சை எழுதிப் பாஸான வண்டி என்று அர்த்தம். பெற்றோல் எவ்வளவு குடிக்கும் என்ற கேள்வி 1990இல் பிறந்த கேள்வி.

இரண்டாவது கேள்வி: பாட்ஸ்

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் இடம்பெயர்ந்தது. அடுத்து வந்த மாதங்களில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் தாண்டி மக்கள் வன்னிக்குள் வந்தார்கள். படகில் ஆட்களும் மூட்டைகளும் வந்ததுபோலச் சைக்கிள்களும் மோட்டார்சைக்கிள்களும் வந்தன. 1996 நடுப்பகுதியில் சத்ஜய நடவடிக்கை தொடங்கி, கிளிநொச்சி நகரமும் காலியானது. அக்கராயன், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று உள்ளே இருந்த ஊர்கள் திடீரென்று பட்டினங்களாகின. 1997 மே மாதம் ஜெயசிக்குறு தொடங்கியது. வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியைப் பிடித்துக்கொண்டு வடக்கே போவதுதான் அதன் நோக்கம். ஒன்றரை வருடம் அந்த வீதி சண்டைக்களமாக இருந்தது.

அந்த வருடங்களில் புது வண்டி என்று ஒன்று இல்லை. இருந்ததைத்தான் கழற்றிப் பூட்டினார்கள். ஒரு வண்டியின் எஞ்சின், இன்னொன்றின் சில்லு, மூன்றாவதின் தாங்கி. வண்டியின் பக்கத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைவிட, கராச்காரருக்கு உள்ளே இருப்பது பழக்கமோ என்பதுதான் முக்கியம். ஊரில் எல்லாரிடமும் ஒரே மாதிரி வண்டி இருந்தால் ஒன்று செத்தாலும் மற்றது பிழைக்கும். ஒருவரிடம் மட்டும் வித்தியாசமான வண்டி இருந்தால் அது பழுதாகிற அன்றைக்கே பழைய இரும்பு.

கராச் அண்ணையின் கேள்வி அங்கே இருந்து வருகிறது. அவருக்கு 'தனித்துவமான வண்டி' என்றால் பாட்ஸ் இல்லாத வண்டி.

மூன்றாவது கேள்வி: மூட்டை

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 திறந்தது. தெற்கே ஓமந்தையிலும் வடக்கே முகமாலையிலும் சோதனைச் சாவடிகள். அதற்குள்ளே ஒரு நாலு வருடம் வன்னி மூச்சு விட்டது. இந்திய வண்டிகள் எங்கள் ஊர்களுக்குள் வரத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். பஜாஜ், ரி.வி.எஸ்., ஹீரோ ஹொண்டா. ஜப்பானிலிருந்து இந்தியாவுக்கு, இரண்டாவது பெரிய மாற்றம். பெயரைப் பார்த்தால் மாற்றம் முழுமையானதும் இல்லை. ஹீரோ ஹொண்டா 1984இல் தொடங்கிய இந்திய, ஜப்பான் கூட்டு. பஜாஜின் பின்னால் கவாசாகியின் தொழில்நுட்பம் இருந்தது. அதனால்தானோ என்னவோ ஹொண்டாவை நம்பிய ஆட்கள் பெரிய மனக்கஷ்டம் இல்லாமல் மாறினார்கள்.

2006 ஓகஸ்டில் ஏ-9 திரும்ப மூடப்பட்டது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் கையில் விழுந்தது. அதற்கு முன்னமே சனம் பரந்தன், முல்லைத்தீவு வீதியால் கிழக்கே நகரத் தொடங்கிவிட்டது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். மோட்டார்சைக்கிள் வைத்திருந்த குடும்பம் அதிலே என்ன ஏற்றியது? அரிசி, தறப்பாள், சட்டி பானை, உடுப்பு மூட்டை, நடக்க முடியாத அம்மம்மா, நடுவில் பிள்ளைகள். ஒரு தூரத்துக்கு இறக்கிவிட்டு, திரும்பி வந்து மிச்சத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். பெற்றோல் முடிந்தபின் அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் கடந்தார்கள். 2009 மே மாதத்துக்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் போனவர்கள் பார்த்தது துருப்பிடித்த வாகனக் குவியல்களை. சைக்கிள், மோட்டார்சைக்கிள், உழவு இயந்திரம், பஸ், லொறி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று. வண்டி போய்விட்டது, ஆனால் அதன் பதிவுப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு செட்டிகுளம் முகாம்வரை வந்த ஆட்களைப் பற்றி எங்கள் வீடுகளில் கதைகள் உண்டு. வண்டி இல்லாத புத்தகம். சில வீடுகளில் அது இன்னமும் அலுமாரிக்குள் இருக்கிறது. வரலாற்றுத் துறையில் 'மூல ஆவணம்' என்று படிக்கிறோமே, எங்களைக் கேட்டால் அதுவும் ஒரு மூல ஆவணம்தான்.

மாமா மூட்டையைப் பற்றிக் கேட்டபோது எங்கள் நண்பன் நெல்லு மூட்டை என்று நினைத்தான். மாமா எந்த மூட்டையை நினைத்தாரோ.

நாலாவது கேள்வி: லீசிங்

இந்தப் பகுதியை எழுதும்போதுதான் எங்களுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. போர் முடிந்ததும் ஏ-9 திறந்தது. தெற்கிலிருந்து பஸ்களிலும் வான்களிலும் மோட்டார்சைக்கிள்களிலும் மக்கள் வடக்கைப் பார்க்க வந்தார்கள். அந்த நேரம் வன்னிச் சனத்தில் பெரும்பகுதி மெனிக் பாம் முகாம்களில் இருந்தது, இல்லையென்றால் தறப்பாள் கொட்டிலில் மீளக் குடியேறிக்கொண்டிருந்தது. மெனிக் பாம் முழுதாக மூடப்பட்டதே 2012 செப்ரெம்பரில்தான். அதாவது எங்கள் ஊருக்கு நடுவால் போகிற வீதி, எங்களுக்கு முன்னமே மற்றவர்களுக்கு உல்லாச வீதியானது.

பிறகு ஏ-9 அகலமாகிக் காப்பெற் றோட்டானது. அதோடு சேர்ந்து வீதியின் இரண்டு பக்கமும் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் வாகனக் காட்சியறைகளும் வந்தன. கையில் கொஞ்சக் காசைக் கட்டினால் அன்றைக்கே வண்டியை உருட்டிக்கொண்டு வரலாம். மிச்சத்தை மூன்று, நாலு வருடம் மாதாமாதம் கட்ட வேண்டும். எல்லாம் இழந்து வந்த சனத்துக்கு அது பெரிய உதவியாகவும் இருந்தது. சி.ரி. 100 ஒன்று இருந்தால் முல்லைத்தீவிலிருந்து மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்குப் போய் விற்கலாம், கூலி வேலைக்குத் தூரம் போகலாம், பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்கலாம்.

ஆனால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர்தான் இருக்கும். ஓடுகிறவர் வெறும் பதிவு உரிமையாளர். தவணை தவறினால் வண்டியைத் தூக்குவார்கள். மழை பொய்த்த வருடமென்றால் வயல்காரரின் தவணையும் பொய்க்கும். எங்கள் தெருக்களில் வண்டி 'சீஸ்' ஆனதைப் பார்க்காத பிள்ளை குறைவு. குண்டுக்குப் பறிகொடுத்த வண்டியைப் பற்றி அழுதுகொண்டு கதைக்கலாம். லீசிங்குக்குப் பறிகொடுத்த வண்டியைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை, அது வெட்கம். அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டது அதனால்தான்.

நாலும் திரும்ப வந்த வருடங்கள்

இதெல்லாம் பழைய கதை என்று சொல்லவும் முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. புது வண்டி வரவில்லை, பாவித்த வண்டியின் விலை ஏறியது. 2022இல் பெற்றோலும் இல்லாமல் போனது. ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா. அந்த விலைக்கும் வரிசையில் நாள்கணக்காக நின்றார்கள். ஓகஸ்டிலிருந்து கியூஆர் முறை நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தபோது மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்.

கொழும்புப் பிள்ளைகளுக்கு அது புது அனுபவம். எங்கள் வீடுகளில் அப்பாமார் வரிசையில் நின்றபடி 1990களின் கதையைச் சொன்னார்கள். அந்த 4 லீற்றரை வைத்து ஒரு கணக்குப் பாருங்கோ. லீற்றருக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர் ஓடுகிற 100 சீசீ வண்டி 240 கிலோமீற்றர் போகும். லீற்றருக்கு 35 அளவில் ஓடுகிற குரூசர் 140. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர 130 கிலோமீற்றர் அளவில் வரும். அதாவது குரூசர்காரருக்குக் கிழமைக்கு ஒரு யாழ்ப்பாணப் பயணம், பிறகு வண்டி வீட்டுக்குள். கியூஆர் முறை 2023 செப்ரெம்பரில் நின்றது. இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியது. எங்கள் நண்பன் குரூசர் கதையை எடுத்ததும் அதற்குப் பிறகுதான்.

அப்ப குரூசர் என்றால் என்ன?

குரூசர் அமெரிக்காவில் பிறந்த வடிவம். நீளமான, நேரான வீதிகள், மணிக்கணக்கான ஓட்டம். அதற்கேற்ற மாதிரி இருக்கை பதிவு, கைபிடி உயரம், கால் முன்னுக்கு, இரண்டு சில்லுக்கும் இடையில் தூரம் அதிகம். எஞ்சின் கத்தாமல் குறைந்த சுற்றிலேயே இழுக்க வேண்டும். ஹார்லி டேவிட்சன் இந்த வடிவத்தின் அடையாளமானது. 1980களில் ஜப்பான் கம்பனிகளும் இறங்கின. கவாசாகி எலிமினேற்றர் அப்படி வந்த ஒன்று. அந்தப் பெயரில் 2001இல் பஜாஜ் இந்தியாவில் ஒரு சின்னக் குரூசரை விற்றது. 2005இல் அதே உருவத்துக்குள் பல்சரின் எஞ்சினை வைத்து 'அவெஞ்சர்' என்று கொண்டுவந்தது. ஆகவே பல்சரிலிருந்து அவெஞ்சருக்கு மாறுகிறவர் உண்மையில் கம்பனியை மாற்றவில்லை, எஞ்சின் குடும்பத்தையும் மாற்றவில்லை. இருக்கிற விதத்தை மாற்றுகிறார். கராச் அண்ணையின் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

மற்றத் தெரிவு றோயல் என்பீல்ட். இங்கிலாந்தில் பிறந்து, 1955இல் மட்ராஸ் மோட்டர்ஸோடு சேர்ந்து சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் தமிழ்த் தொழிலாளரின் கையால் வளர்ந்த வண்டி. 2020இல் வந்த மீற்றியோர் 350 அவர்களுடைய குரூசர். எடை 191 கிலோ. சி.ரி. 100 ஏறத்தாழ 110 கிலோதான். இன்னொரு விசயம்: மீற்றியோரில் கிக்கர் இல்லை. உதைத்து ஸ்ராட் பண்ண ஏலாது. பெற்றோல் காபரேற்றரால் போவதும் இல்லை, கணினி அளந்து பீச்சுகிறது. சாதாரண காலத்தில் இது முன்னேற்றம். ஆனால் மண்ணெண்ணெயில் ஓடிய தலைமுறைக்கு முன்னால் இந்த வண்டியைக் கொண்டுபோய் விட்டால் அவர்கள் முதலில் தேடுவது கிக்கரைத்தான்.

இனி எங்கள் வீதிகள். ஏ-9 குரூசருக்கென்றே போட்ட வீதி மாதிரி. புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று காட்டுக்கு நடுவால் நேராக ஓடும், முறிகண்டியில் பிள்ளையாருக்கு நிற்பாட்டிக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப ஏறலாம். ஆனால் ஏ-9ஐ விட்டு இறங்கினால் கிரவல், அதற்கும் அங்கால குளக்கட்டு, கடற்கரைப் பக்கம் மணல். குழியில் எழும்பி நிற்க வேண்டுமென்றால் கால் எங்களுக்குக் கீழே இருக்க வேண்டும், குரூசரில் கால் முன்னுக்கு இருக்கிறது. மணலில் 190 கிலோ புதைந்தால் தனியாளாகத் தூக்குவது கஷ்டம். உரமூட்டையைத் தாங்கிக்கும் இருக்கைக்கும் இடையில் வைத்துக்கொண்டு போவது சி.ரி. 100இல் சாதாரணம், குரூசரின் பதிந்த இருக்கையில் அதற்கு இடம் இல்லை. மாமாவின் கேள்விக்குப் பதில்: ஏலாது.

எங்கள் குழுவில் இருக்கிற பெட்டையள் இந்த இடத்தில் ஒரு கேள்வி போட்டார்கள். நாலு கேள்வியும் ஒரு பெடியனின் வண்டியைப் பற்றித்தானே? வன்னியில் பெண்கள் மோட்டார்சைக்கிள் ஓடுவது புதிதே இல்லை, இயக்கக் காலத்தில் அது தெருவில் தினசரிக் காட்சி. இன்றைக்குக் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிற பெண்கள் ஸ்கூட்டியில் வேலைக்கும் சந்தைக்கும் போகிறார்கள். ஆனால் 'ஆசைக்கு ஒரு வண்டி' என்ற கதை வீட்டில் இன்னமும் மகனுக்கு மட்டும்தான் வருகிறது. அந்தக் கதையில் அக்காமாரின் பெயர் எப்போது வரும்?

நாங்கள் அவனுக்குச் சொன்னது

ஒன்று கவனித்தோம். பிரித்தானியாவிலிருந்து ஜப்பானுக்கு, ஜப்பானிலிருந்து இந்தியாவுக்கு, 125இலிருந்து 100க்கு என்று வன்னியில் வண்டி மாறிய நேரமெல்லாம் மாற்றியது யார்? இறக்குமதிச் சட்டம் மாற்றியது, தடை மாற்றியது, இடப்பெயர்வு மாற்றியது, லீசிங் கம்பனி மாற்றியது. சனம் இருந்ததுக்குள் எதையாவது எடுத்துக்கொண்டது. தேவை இல்லாமல், விருப்பத்துக்காக ஒருவன் வண்டி மாற்ற நினைப்பது எங்கள் பக்கத்தில் சின்ன விசயம் இல்லை. குரூசரில் மூட்டை கட்ட ஏலாது என்பது அதன் குறை. மூட்டை கட்டத் தேவை இல்லாத ஒரு பயணத்தை ஒருவன் கற்பனை பண்ணுகிறான் என்பதும் அதில் இருக்கிறது. அந்த ஆசையைக் கொச்சைப்படுத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

அதேநேரம் வீட்டில் கேட்ட நாலு கேள்வியையும் 'பழசுகளின் பயம்' என்று தள்ளவும் வேண்டாம் என்று சொன்னோம். பெற்றோல் கணக்கை 4 லீற்றர் கிழமையை வைத்துப் போடு. வண்டியைத் தெரிவுசெய்ய முதல் கராச் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு, அவர் கழற்றிப் பூட்டக்கூடிய எஞ்சினை எடு. ஓடிப் பார்க்கும்போது காப்பெற் றோட்டில் மட்டும் ஓடாமல் உன்ர வீட்டு ஒழுங்கைக்குள்ளும் ஒருக்கா ஓடிப் பார். வீட்டில் மூட்டை கட்டுகிற வேலைக்கு வேறு வண்டி ஒன்று இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் பல்சரை விற்காதே. லீசிங் என்றால், மழை இல்லாத ஒரு போகத்திலும் கட்டக்கூடிய தவணையா என்று அம்மாவோடு இருந்து கணக்குப் பார்.

அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. போன ஞாயிறு ஒரு பழைய அவெஞ்சர் பார்க்க வவுனியாவுக்குப் போனான். அப்பாவும் கூடப் போனார். அவர் பின்னுக்கு ஏறி, முதுகுக்குச் சாய்வு இருப்பதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது சொகுசாத்தான் இருக்கு" என்றாராம். பிறகு இறங்கிப் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாராம்.